அத்தியாயம் 7: அழித்தும் குறையாத மெயில் – தண்டர்பேர்டில் இடத்தை மீட்பது

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. உட்கார்ந்து பழைய மெயில்களை ஆயிரக்கணக்கில் தேர்ந்தெடுத்து டெலீட் தட்டியாயிற்று. திரும்பப் போய்ப் பார்த்தால் டிரைவில் ஒரு எம்பிகூடக் குறைந்திருக்காது. சிலருக்கு முன்பைவிடக் கூடியே இருக்கும். தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களில் பலரும் என்றாவது ஒருநாள் இதில் வந்து நிற்பார்கள்.

புரோகிராமில் கோளாறு எதுவும் இல்லை. தண்டர்பேர்டில் மெயிலை அழிப்பது ஒரு வேலை, அந்த மெயில் பிடித்திருந்த இடத்தைத் திரும்பப் பெறுவது இன்னொரு வேலை. முதலாவதை எல்லோரும் செய்கிறோம். இரண்டாவது இருப்பதே பலருக்குத் தெரியாது. இரண்டையும் எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே கைவைக்கக் கூடாது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு சிறு பகுதி உண்டு.

மெனு பெயர்கள் ஆங்கிலத் திரையில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. விண்டோஸில் மேலே மெனு வரிசை தெரியாவிட்டால் ஆல்ட் கீயை ஒருமுறை தட்டுங்கள், வந்துவிடும்.

1. அழித்த மெயில் எங்கே இருக்கிறது?

தண்டர்பேர்ட் ஒவ்வொரு மெயிலையும் தனி ஃபைலாக வைப்பதில்லை. ஒரு ஃபோல்டரில் உள்ள மெயில்கள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே ஃபைலாக வைக்கிறது. இன்பாக்ஸில் பத்தாயிரம் மெயில் இருந்தாலும் டிஸ்கில் ‘இன்பாக்ஸ்’ என்ற ஒரே ஃபைல்தான். யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் இந்த முறைக்கு எம்பாக்ஸ் என்று பெயர்.

இந்த ஃபைலை நோட்பேட் போன்ற எளிய எடிட்டரில் திறந்தால் அப்படியே படிக்கலாம். தண்டர்பேர்டை மூடிவிட்டு, ஒரு சிறிய ஃபோல்டரின் ஃபைலை வேறு இடத்துக்கு நகலெடுத்து, அந்த நகலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மெயிலும் ‘ஃப்ரம்’ என்று தொடங்கும் ஒரு வரியோடு ஆரம்பிக்கும். அதற்குக் கீழே ‘எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்’ என்று ஒரு வரியும் பக்கத்தில் நான்கு இலக்க எண்ணும் இருக்கும். 0001 என்றால் படித்த மெயில். 0008 என்றால் அழித்த மெயில். 0009 என்று இருந்தால் படித்த பிறகு அழித்தது. அந்த வரிக்குக் கீழே அழித்த மெயிலின் எழுத்தும் அதன் அட்டாச்மெண்ட்டும் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் கிடக்கும்.

நீங்கள் டெலீட் தட்டும்போது நடப்பது இதுதான். மெயிலின் ஒரு நகல் ட்ராஷ் ஃபோல்டரின் ஃபைலில் போய்ச் சேர்கிறது. இன்பாக்ஸ் ஃபைலில் இருக்கும் மூலத்தின்மேல் அழித்ததற்கான குறி விழுகிறது. அது பட்டியலிலிருந்து மறைகிறது. மூலம் போகவில்லை, நகல் ஒன்று கூடியிருக்கிறது. ஆகவே 20 எம்பி மெயில் ஒன்றை அழித்த மறுநிமிடம் டிஸ்கில் அது 40 எம்பி பிடிக்கும். ட்ராஷைக் காலி செய்தால் கூடுதலாக வந்த 20 எம்பி போகும். இன்பாக்ஸுக்குள் கிடக்கும் பழைய 20 எம்பி அப்படியே இருக்கும்.

கணக்குப் பேரேட்டில் ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டால் பேரேடு மெலிந்துவிடாது. அடித்த வரிகளை விட்டுவிட்டு மற்றவற்றைப் புதுப் பேரேட்டில் எழுதி, பழையதைத் தூக்கிப்போட்டால்தான் மெலியும். அந்தப் புதுப் பேரேடு எழுதும் வேலைக்குத்தான் தண்டர்பேர்டில் ‘கம்பேக்ட்’ என்று பெயர்.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்று தோன்றலாம். ஐந்து ஜிபி ஃபைலின் நடுவிலிருந்து ஒரு மெயிலை உருவி எடுக்க வேண்டுமென்றால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் முன்னால் நகர்த்தி எழுத வேண்டும். ஒவ்வொரு டெலீட்டுக்கும் அப்படிச் செய்தால் உங்களால் வேலையே பார்க்க முடியாது. குறி போட்டு வைத்துக்கொண்டு, பிறகு மொத்தமாகச் சுத்தம் செய்வதுதான் வேகம்.

2. உங்கள் அக்கவுண்ட் பாப்பா, ஐமேப்பா?

எதையும் அழிப்பதற்கு முன்னால் இதற்கு விடை தெரிந்தாக வேண்டும். ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ திறந்து, உங்கள் முகவரிக்குக் கீழே ‘சர்வர் செட்டிங்ஸ்’ என்பதைத் தட்டுங்கள். ‘சர்வர் டைப்’ என்ற இடத்தில் பாப் அல்லது ஐமேப் என்று இருக்கும்.

பாப் என்றால் மெயில்கள் சர்வரிலிருந்து இறங்கி உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டவை. ‘லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்’ என்பதை டிக் செய்யாமல் இருந்தால், உங்களிடம் இருப்பதே ஒரே பிரதி. இங்கே அழிந்தால் எங்கேயும் இல்லை.

ஐமேப் என்றால் மூலம் சர்வரில் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது வசதிக்காக இறக்கிவைத்த நகல். நகலை எறிந்தாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் தண்டர்பேர்டுக்குள் நின்று டெலீட் தட்டினால் சர்வரில் இருக்கும் மூலமும் போய்விடும். செல்போனிலும் அந்த மெயில் தெரியாது. நகலை மட்டும் குறைப்பதற்கு வேறு வழி இருக்கிறது, 8ஆம் பகுதியில் வருகிறது.

‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் உள்ளவை எந்த அக்கவுண்டையும் சேராதவை. அங்கே இருப்பது முழுக்க உங்கள் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது. பாப் மெயிலைப் போலவே அதையும் பத்திரமாகக் கையாளுங்கள்.

3. முதலில் பேக்கப்

கம்பேக்ட் செய்து முடித்த பிறகு, அழித்த மெயிலைத் திரும்ப எடுப்பதைத் தண்டர்பேர்டுக்குள் மறந்துவிட வேண்டியதுதான். அதற்கு முன்புவரை வாய்ப்பு உண்டு. மேலே பார்த்த 0008 குறியை மாற்றி மீட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் பேக்கப் எடுக்காமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

1. ‘ஹெல்ப்’ மெனுவில் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ திறங்கள். அந்தப் பக்கத்தில் ‘புரொஃபைல் ஃபோல்டர்’ என்ற வரியில் ‘ஓப்பன் ஃபோல்டர்’ பட்டன் இருக்கும். தட்டினால் உங்கள் மெயில் முழுக்க இருக்கும் இடம் திறக்கும்.
2. அந்த ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, தண்டர்பேர்டை முழுவதுமாக மூடுங்கள்.
3. ஒரு படி மேலே போய், அந்த புரொஃபைல் ஃபோல்டரை மொத்தமாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுங்கள்.

உள்ளே ‘மெயில்’, ‘ஐமேப்மெயில்’ என்று இரண்டு ஃபோல்டர்கள் தெரியும். பாப் அக்கவுண்ட்டும் லோக்கல் ஃபோல்டர்ஸும் முதலாவதில் இருக்கின்றன. ஐமேப் நகல்கள் இரண்டாவதில். அங்கே ஒரே பெயரில் இரட்டை இரட்டையாக ஃபைல்கள் இருப்பதைப் பார்ப்பீர்கள். ‘எம்எஸ்எஃப்’ என்று முடிவது வெறும் அட்டவணை. அழிந்தாலும் தண்டர்பேர்ட் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். பின்னொட்டு எதுவுமே இல்லாமல் வெறும் ‘இன்பாக்ஸ்’ என்று இருப்பதுதான் உங்கள் மெயில். பின்னொட்டு இல்லாததால் இது ஏதோ உதவாத ஃபைல் என்று நினைத்து, இடம் பிடிக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். பாப் அக்கவுண்டில் அப்படிச் செய்தால் இன்பாக்ஸ் முழுவதும் போய்விடும்.

4. எந்த ஃபோல்டர் பெருத்திருக்கிறது?

கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஃபோல்டரிலும் அழிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று ஃபோல்டர்கள்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

இடப்பக்க ஃபோல்டர் பட்டியலின் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டினால் ஃபோல்டர் அளவைக் காட்டும் தேர்வு கிடைக்கும். 2023இல் வந்த 115ஆம் பதிப்பிலிருந்து திரை அமைப்பு மாறியிருக்கிறது. பழைய பதிப்பு வைத்திருந்தாலும் கவலையில்லை; எந்த ஃபோல்டரின் மேலும் வலது கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ போனால் மெயில் எண்ணிக்கையும் டிஸ்கில் அதன் அளவும் வரும்.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். நாற்பது மெயில் மட்டுமே உள்ள ஃபோல்டர் டிஸ்கில் 3 ஜிபி பிடித்தால், ஒன்று அந்த நாற்பதிலும் பெரிய அட்டாச்மெண்ட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அழித்த மெயில்களின் குவியல் இருக்க வேண்டும். இரண்டாவது என்றால் கம்பேக்ட் ஒன்றே போதும், எதையும் புதிதாக அழிக்க வேண்டியதில்லை.

மறக்காமல் பார்க்க வேண்டியது ‘சென்ட்’ ஃபோல்டர். வந்த மெயிலை அவ்வப்போது ஒதுக்கும் நாம், அனுப்பிய மெயிலைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு படமும் பிடிஎஃப்பும் அங்கே முழு அளவில் இன்னொரு பிரதியாக உட்கார்ந்திருக்கிறது.

5. பெரிய மெயில்களைப் பிடிப்பது

பத்தாயிரம் எழுத்து மெயில்களை அழித்து மீட்கும் இடத்தைப் பத்துப் பதினைந்து அட்டாச்மெண்ட் மெயில்களில் மீட்டுவிடலாம். காரணம் உண்டு. மெயில் என்பது எழுத்தை அனுப்பவே உருவான ஏற்பாடு. படமோ பிடிஎஃப்போ அதில் போக வேண்டுமென்றால் எழுத்தாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அந்த மாற்றத்தில் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாகிறது. ஆகவே 15 எம்பி பிடிஎஃப் ஒன்று மெயிலுக்குள் 20 எம்பிக்கு மேல் பிடிக்கும்.

ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். கல்யாண மலர் ஒன்றின் 15 எம்பி பிடிஎஃப்பைப் பார்வைக்கு அனுப்புகிறார்கள். வாடிக்கையாளர் திருத்தம் சொல்கிறார், மறுபடி அனுப்புகிறார்கள். நான்கு திருத்தம் என்றால் ஐந்து முறை அனுப்பியாயிற்று, சென்ட் ஃபோல்டரில் 100 எம்பி. வாடிக்கையாளர் ‘ரிப்ளை’ கொடுத்தால் அட்டாச்மெண்ட் திரும்பி வராது. அவர் ‘ஃபார்வர்ட்’ தட்டி அனுப்பினால் அதுவும் கூடவே வரும், இன்பாக்ஸும் ஏறும். ஒரே ஒரு வேலைக்கு இவ்வளவு. தேவைப்படுவதோ கடைசிப் பிரதி ஒன்றுதான்.

இவற்றைப் பிடிக்க இரண்டு வழி:

ஒரு ஃபோல்டருக்குள் மட்டும் பார்க்க: மெயில் பட்டியலில் ‘சைஸ்’ என்ற பத்தியைத் தெரியும்படி வைத்து, அதன் தலைப்பைத் தட்டுங்கள். அளவுவாரியாக வரிசைப்படும்; சிறியது மேலே வந்தால் இன்னொரு முறை தட்டுங்கள்.

அக்கவுண்ட் முழுக்கத் தேட: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் ‘சர்ச் மெசேஜஸ்’ ஜன்னல் திறக்கும். நிபந்தனையில் ‘சைஸ்’ என்பதையும், ‘இஸ் கிரேட்டர் தேன்’ என்பதையும் தேர்ந்தெடுத்து 5000 என்று கொடுங்கள். அளவு கேபியில் என்பதால் இது ஏறத்தாழ 5 எம்பிக்கு மேற்பட்ட மெயில்களைக் காட்டும். கீழ்மட்ட ஃபோல்டர்களிலும் தேடும் தேர்வை டிக் செய்ய மறக்காதீர்கள்.

அகப்பட்ட மெயில்களை மூன்று விதமாகக் கையாளலாம்.

*முழு மெயிலும் வேண்டாம்:* டெலீட்.

*மெயில் வேண்டும், அட்டாச்மெண்ட் வேண்டாம்:* மெயிலைத் திறந்து, கீழே அட்டாச்மெண்ட் வரும் இடத்தில் வலது கிளிக் செய்து ‘டெலீட்’. எழுத்து நிற்கும், இணைத்த ஃபைல் போகும்.

*அட்டாச்மெண்ட் வேண்டும், ஆனால் மெயிலுக்குள் வேண்டாம்:* அதே இடத்தில் ‘டிடாச்’. ஃபைலை நீங்கள் சொல்லும் இடத்தில் சேமித்துவிட்டு, மெயிலில் அதற்கான தொடுப்பை மட்டும் விட்டுவைக்கும். பிறகு அந்த ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றினால் தொடுப்பு வேலை செய்யாது. ஆகவே முதலிலேயே நிலையான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஐமேப் அக்கவுண்டில் அட்டாச்மெண்ட்டை நீக்கினால் சர்வரில் உள்ள மெயிலிலிருந்தும் அது போய்விடும். அலுவலகத்தில் பலர் ஒரே அக்கவுண்டைப் பயன்படுத்தினால் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கடை, தொழில் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. பில், இன்வாய்ஸ் வந்த மெயில்களை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவேடுகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அவற்றை ‘டிடாச்’ செய்து ஆண்டுவாரியாக வைப்பதே நல்லது.

6. ட்ராஷும் ஜங்கும்

ஒவ்வோர் அக்கவுண்டுக்கும் தனித்தனி ட்ராஷ் இருக்கிறது. லோக்கல் ஃபோல்டர்ஸுக்கும் ஒன்று உண்டு. ஒன்றைக் காலி செய்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஒவ்வொரு ட்ராஷின் மேலும் வலது கிளிக் செய்து ‘எம்டி ட்ராஷ்’ கொடுங்கள். ஜங்க் ஃபோல்டரையும் இதேபோல் காலி செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள், வேண்டிய மெயில் தவறி அங்கே போயிருக்கும்.

இதை ஒவ்வொரு முறையும் கையால் செய்ய விருப்பமில்லை என்றால் ‘சர்வர் செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘எம்டி ட்ராஷ் ஆன் எக்ஸிட்’ என்பதை டிக் செய்யலாம். தண்டர்பேர்டை மூடும் ஒவ்வொரு முறையும் ட்ராஷ் காலியாகும். அழித்ததை இரண்டு நாள் கழித்துத் தேடும் பழக்கம் உள்ளவர்கள் இதைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

7. கம்பேக்ட்

இப்போதுதான் இடம் உண்மையில் திரும்பி வரப்போகிறது.

ஒரு ஃபோல்டருக்கு மட்டும் என்றால்: ஃபோல்டரின் மேல் வலது கிளிக், ‘கம்பேக்ட்’.

எல்லாவற்றுக்கும் என்றால்: அக்கவுண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ‘ஃபைல்’ மெனுவில் ‘கம்பேக்ட் ஃபோல்டர்ஸ்’. பல அக்கவுண்ட் இருந்தால் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து இதையே செய்யுங்கள்.

கீழே நிலைப்பட்டையில் வேலை ஓடுவது தெரியும். பெரிய ஃபோல்டருக்கு நேரம் பிடிக்கும். அது முடியும்வரை தண்டர்பேர்டை மூடாதீர்கள், மெயில் இறக்காதீர்கள், லேப்டாப் மூடியைச் சாத்தாதீர்கள். கரண்ட் போகும் நேரம் என்றால் யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கம்பேக்ட் நடக்கும்போது, வேண்டிய மெயில்களை மட்டும் ஒரு தற்காலிக ஃபைலில் புதிதாக எழுதி முடித்த பிறகே பழைய ஃபைல் அழிக்கப்படுகிறது. அந்த இடைவேளையில் இரண்டுமே டிஸ்கில் இருக்கும். ஆகவே இடத்தை மீட்கவே கொஞ்சம் இடம் வேண்டும். டிரைவ் முழுக்க நிரம்பிக் கிடக்கும்போது 6 ஜிபி இன்பாக்ஸை முதலில் கம்பேக்ட் செய்யப் போனால் வேலை பாதியில் நிற்கும். சிறிய ஃபோல்டர்களில் தொடங்கி, அதில் கிடைக்கும் இடத்தைக் கொண்டு பெரியவற்றுக்குப் போங்கள். அதுவும் போதாது என்றால் விண்டோஸின் ரீசைக்கிள் பின், டவுன்லோட்ஸ் ஃபோல்டர் இரண்டையும் முதலில் ஒழியுங்கள். கம்பேக்ட் செய்யும் ஃபோல்டரின் அளவுக்கு இடம் காலியாக இருந்தால் பயமில்லை.

பாதியில் நின்றுபோன கம்பேக்ட்டின் அடையாளமாக ‘என்எஸ்டிஎம்பி’ என்று பெயர் தொடங்கும் ஃபைல்கள் புரொஃபைலில் கிடக்கலாம். சில நேரம் ஜிபி கணக்கில் இருக்கும். உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் சரியாகத் திறக்கின்றனவா, மெயில்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, தண்டர்பேர்டை மூடிய நிலையில் இவற்றை அழிக்கலாம். இது அடிக்கடி நடந்தால் உங்கள் ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைப் பிடித்துவைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

தண்டர்பேர்ட் தானாகவும் கம்பேக்ட் செய்யும். ‘செட்டிங்ஸ்’ போய் ‘ஜெனரல்’ பக்கத்தில் டிஸ்க் இடம் பற்றிய பகுதிக்கு இறங்குங்கள். மீட்கக்கூடிய இடம் இத்தனை எம்பியைத் தாண்டினால் எல்லா ஃபோல்டரையும் கம்பேக்ட் செய் என்று ஒரு வரி இருக்கும். இப்போதைய பதிப்புகளில் அந்த எண் 200 எம்பி. இது டிக் ஆகி இருக்கட்டும். ‘கம்பேக்ட் செய்யட்டுமா’ என்று தண்டர்பேர்ட் கேட்கும்போதெல்லாம் எரிச்சலில் வேண்டாம் என்று தட்டிவிடுகிறவர்களுடைய கம்ப்யூட்டர்தான் பெரும்பாலும் இப்படி நிரம்பி நிற்கிறது.

8. ஐமேப்: நகலை மட்டும் குறைப்பது

சர்வரில் இருப்பதைத் தொடாமல் கம்ப்யூட்டரில் உள்ள நகலைக் குறைக்க, ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ திறந்து ‘சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்’ பக்கத்துக்குப் போங்கள். இங்கே மூன்று பிடி இருக்கிறது.

முதலாவது, எல்லா ஃபோல்டரின் மெயிலையும் இந்தக் கம்ப்யூட்டரில் வைத்திரு என்ற டிக். இதை எடுத்துவிட்டால் மெயிலைத் திறக்கும்போது மட்டும் சர்வரிலிருந்து வரும். இணையம் இல்லாத நேரத்தில் படிக்க முடியாது. அந்த மெயில்களின் உள்ளே தேடுவதும் சரியாக நடக்காது.

இரண்டாவது, ‘அட்வான்ஸ்டு’ பட்டன். எந்தெந்த ஃபோல்டரை மட்டும் இறக்க வேண்டும் என்று இங்கே தேர்ந்தெடுக்கலாம். ஜிமெயில்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது ‘ஆல் மெயில்’ ஃபோல்டர். ஜிமெயிலில் ஒரே மெயிலுக்குப் பல லேபிள் ஒட்டலாம். ஒவ்வொரு லேபிளும் தண்டர்பேர்டில் ஒரு ஃபோல்டராகத் தெரியும், அவற்றோடு ஆல் மெயிலிலும் அது தெரியும். ஆல் மெயிலை இறக்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், மூலம் சர்வரில் இருக்கும்.

மூன்றாவது, ‘சிங்க்ரனைஸ் த மோஸ்ட் ரீசன்ட்’ என்ற வரி. கடைசி ஆறு மாதம், ஓராண்டு என்று கால வரம்பு வைக்கலாம். பெரும்பாலோருக்கு ஏற்றது இதுதான்: அண்மைக்கால மெயில் கையில் இருக்கும், பழையது சர்வரில் இருக்கும்.

இதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. இடத்தை மீட்கப் பழைய மெயில்களை நிரந்தரமாக அழிக்கலாம் என்று தொடங்கும் பகுதி அது. இத்தனை நாளுக்கு மேற்பட்ட மெயிலை அழி, கடைசி இத்தனை மெயிலை மட்டும் வைத்துக்கொள் என்றெல்லாம் தேர்வுகள் வரும். கால வரம்பு வைப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று எண்ணி இதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சர்வரில் உள்ள மூலமும் சேர்ந்து அழியும். அங்கே ‘டோன்ட் டெலீட் எனி மெசேஜஸ்’ என்பதே தேர்வாக இருக்கட்டும்.

இந்த மாற்றங்களைச் செய்து கம்பேக்ட் கொடுத்த பிறகும் பழைய நகல் ஃபைல் குறையாமல் நின்றால், ஐமேப்புக்கு மட்டும் ஒரு வழி உண்டு. முதலில் பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து மெயில்கள் அங்கே இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தண்டர்பேர்டை மூடுங்கள். ‘ஐமேப்மெயில்’ ஃபோல்டருக்குள் அந்த அக்கவுண்டின் பகுதிக்குப் போய், பெருத்த ஃபோல்டரின் ஃபைலையும் அதன் எம்எஸ்எஃப் அட்டவணையையும் அழியுங்கள். தண்டர்பேர்டைத் திறந்தால் நீங்கள் வைத்த வரம்புக்கு ஏற்ப மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளும். ‘மெயில்’ ஃபோல்டருக்குள் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

9. மெயில் அல்லாத சுமை

புரொஃபைலில் ‘குளோபல்-மெசேஜஸ்-டிபி’ என்று ஒரு ஃபைல் இருக்கும். தண்டர்பேர்டின் தேடல் வசதிக்கான அட்டவணை அது. பல ஆண்டு மெயில் சேர்ந்தவர்களுக்கு இதுவே ஜிபி கணக்கில் போகும். தண்டர்பேர்டை மூடிவிட்டு இதை அழித்தால், அடுத்த முறை திறக்கும்போது இருக்கிற மெயில்களைக் கொண்டு புதிதாக உருவாக்கிக்கொள்ளும். அந்த வேலை ஓடும்போது கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். ஆகையால் எல்லாச் சுத்தமும் முடிந்த பிறகு கடைசியாகச் செய்யுங்கள்.

10. அழிக்க மனமில்லையா? இடம் மாற்றுங்கள்

‘ஆர்க்கைவ்’ செய்தால் இடம் மிச்சம் என்று பலர் எண்ணுகிறார்கள். மெயிலை ஆண்டுவாரியாக வேறு ஃபோல்டருக்கு மாற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு ஆர்க்கைவ் செய்தால் சர்வரில் இடம் கிடைக்கும்; ஜிமெயிலின் இலவச 15 ஜிபி நிரம்பியவர்களுக்கு அது உதவும். உங்கள் ஹார்ட் டிஸ்கில் எதுவும் குறையாது.

சி டிரைவ் சிறியது, டி டிரைவ் காலியாக இருக்கிறது என்றால் மெயிலையே அங்கே மாற்றலாம். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த அக்கவுண்டின் ஃபோல்டரை டி டிரைவுக்கு நகலெடுங்கள். திறந்து, ‘சர்வர் செட்டிங்ஸ்’ பக்கத்தின் அடியில் ‘லோக்கல் டைரக்டரி’ என்ற இடத்தில் புதிய இடத்தைக் காட்டுங்கள். தண்டர்பேர்ட் ஒருமுறை மூடித் திறக்கும். எல்லாம் சரியாக இருந்தால் சில நாள் கழித்துப் பழைய ஃபோல்டரை அழியுங்கள். ஒன்டிரைவ் போன்ற கிளவுட் ஃபோல்டருக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஒரு மெயில் வந்தாலும் பல ஜிபி ஃபைல் மாறியதாகக் கணக்காகி அப்லோடு ஓடிக்கொண்டே இருக்கும், ஃபைல் கெடவும் வாய்ப்பு உண்டு.

11. அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு

பெயர்தான் வேறு, கதை ஒன்றுதான். கிளாசிக் அவுட்லுக்கில் பாப் அக்கவுண்ட் பிஎஸ்டி ஃபைலிலும், எக்சேஞ்ச், மைக்ரோசாஃப்ட் 365 அக்கவுண்டுகள் ஓஎஸ்டி ஃபைலிலும் சேர்கின்றன. 2010 பதிப்பிலிருந்து ஒரு ஃபைலின் இயல்பான உச்ச அளவு 50 ஜிபி. டெலீட்டட் ஐட்டம்ஸைக் காலி செய்த பிறகும் ஃபைல் உடனே குறையாது. ‘ஃபைல்’ → ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ → ‘டேட்டா ஃபைல்ஸ்’ பக்கத்தில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ‘செட்டிங்ஸ்’ தட்டி, ‘கம்பேக்ட் நவ்’ கொடுங்கள். எக்சேஞ்ச் அக்கவுண்டுக்கு எத்தனை மாத மெயிலை ஆஃப்லைனில் வைப்பது என்று அக்கவுண்டின் ‘சேஞ்ச்’ பக்கத்தில் ஓர் இழுப்பான் இருக்கும். அதைக் குறைத்தால் ஓஎஸ்டி சிறுக்கும்.

12. அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*கம்பேக்ட் செய்த பிறகு ஃபோல்டரில் மெயில் தலைப்புகள் தாறுமாறாகத் தெரிகின்றன. என்ன செய்வது?*
பெரும்பாலும் அட்டவணை மட்டும்தான் குழம்பியிருக்கும். ஃபோல்டரின் ‘பிராப்பர்ட்டீஸ்’ போய் ‘ரிப்பேர் ஃபோல்டர்’ கொடுங்கள். அது அட்டவணையைப் புதிதாகக் கட்டும்.

*பாப் அக்கவுண்டில் எல்லாம் அழித்தும் சர்வர் நிரம்பிவிட்டது என்று வருகிறதே?*
‘லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்’ டிக் ஆகி, நாள் வரம்பு எதுவும் இல்லாமல் இருக்கும். ‘ஃபார் அட் மோஸ்ட்’ என்ற வரியில் 14 அல்லது 30 நாள் என்று வைத்தால் அதன் பிறகு சர்வரிலிருந்து தானாக நீங்கும்.

*மெயில் ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக வைக்க முடியாதா?*
மெயில்டிர் என்ற முறை தண்டர்பேர்டில் இருக்கிறது, புதிய அக்கவுண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கலாம். அதில் கம்பேக்ட் தேவையில்லை. ஆனால் பல்லாயிரம் சிறு ஃபைல்கள் சேர்வதால் பேக்கப்பும் ஆன்டிவைரஸ் சோதனையும் இழுக்கும். தேவை இருந்தாலொழிய இயல்பான எம்பாக்ஸிலேயே இருங்கள்.

13. ஒரே பார்வையில் வேலை வரிசை

1. பாப்பா, ஐமேப்பா என்று பாருங்கள்.
2. தண்டர்பேர்டை மூடி, புரொஃபைலை வெளி டிஸ்கில் பேக்கப் எடுங்கள்.
3. பெருத்த ஃபோல்டர்களைக் கண்டுபிடியுங்கள். சென்ட் ஃபோல்டரை விடாதீர்கள்.
4. 5 எம்பிக்கு மேற்பட்ட மெயில்களைத் தேடி ஒதுக்குங்கள்.
5. எல்லா ட்ராஷையும் ஜங்கையும் காலி செய்யுங்கள்.
6. சிறிய ஃபோல்டரில் தொடங்கி, எல்லாவற்றையும் கம்பேக்ட் செய்யுங்கள்.
7. ஐமேப் என்றால் கால வரம்பு வைத்து, மறுபடி கம்பேக்ட் செய்யுங்கள்.
8. கடைசியாகத் தேடல் அட்டவணையை அழித்துப் புதுப்பியுங்கள்.

முதல் முறை இதற்கு அரை நாள்கூட ஆகலாம். பிறகு மாதத்துக்கு ஒருமுறை 2, 5, 6 ஆகிய படிகளைச் செய்தாலே போதும். எந்த அவசரத்திலும் இரண்டாவது படியை மட்டும் தாண்டாதீர்கள். டிஸ்கில் இடத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், கம்பேக்ட் செய்த பிறகு தொலைந்த மெயிலை வாங்க முடியாது.